கல்யாணத்துக்கு எத்தனை வீடியோக்காரர்?

மண்டபம் பிடித்து, சமையலுக்கு அட்வான்ஸ் கொடுத்து முடித்ததும் அடுத்த கவலை ஸ்டுடியோ. அங்கே போய் உட்கார்ந்தால் ஒரு அட்டையை நீட்டுவார்கள்: சில்வர், கோல்டு, பிளாட்டினம். ஆல்பத் தாளின் கனம், பிரேம் போட்ட பெரிய படம், மேசை மேல் வைக்கும் காலண்டர் போன்ற சில்லறைகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் உள்ள முக்கிய வித்தியாசம் ஆள் கணக்குதான். சில்வரில் ஒரு வீடியோக்காரர், கோல்டில் இரண்டு, பிளாட்டினத்தில் நான்கு, போதாததற்கு ஒரு ட்ரோன். ஆள் கூடக்கூட வீடியோ நன்றாக வரும் என்பதுதான் அந்த அட்டை சொல்லாமல் சொல்வது. நாமும் வரப்போகிற கூட்டத்தையும் கையிருப்பையும் மனக்கணக்குப் போட்டு, நடுப்படியில் விரல் வைத்துவிட்டு எழுந்து வருகிறோம். என் கட்சி வேறு. விருந்தினர் எத்தனை பேர், மண்டபம் எவ்வளவு பெரியது, சம்பந்தி வீட்டில் போன வருஷம் என்ன செய்தார்கள் என்பதெல்லாம் இந்தக் கணக்குக்குள் வரவே கூடாது. திரும்ப நடக்காத காரியங்கள் ஒரே நேரத்தில் எத்தனை இடத்தில் நடக்கின்றன என்று பாருங்கள். அத்தனை பேர் போதும். தமிழ்நாட்டு மண்டபக் கல்யாணங்களில் பெரும்பாலானவற்றுக்கு அது இரண்டைத் தாண்டாது. முதல் நாள் வரவேற்புக்கு ஒருவரே போதும்.

முகூர்த்தக் காலையை எடுத்துக்கொள்வோம். பத்திரிகையில் ‘காலை 6.00 முதல் 7.30 வரை’ என்று போட்டிருந்தாலும் வேலை விடியுமுன்பே தொடங்கிவிடும். மாப்பிள்ளை மணவறையில் உட்கார்ந்து ஐயர் சொல்வதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும் அதே வேளையில், மாடி அறையில் பெண்ணுக்கு ஜடை பின்னி, பூ வைத்து, முகூர்த்தப் புடவை கட்டிக்கொண்டிருப்பார்கள். பிராமணக் கல்யாணமென்றால் மாப்பிள்ளை குடையும் விசிறியுமாகக் காசி யாத்திரை கிளம்பி வாசலில் நிற்பார். பெண் உள்ளே மாலையோடு காத்திருப்பாள். இந்த அரை மணி, முக்கால் மணி நேரம்தான் கல்யாணம் நிஜமாகவே இரண்டு இடங்களில் நடக்கிறது. அதற்குப் பிறகு மாலை மாற்றல், ஊஞ்சல், கன்யாதானம், தாலி கட்டு, அம்மி மிதித்தல், அருந்ததி பார்த்தல் என எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக, பத்தடி வட்டத்துக்குள் நடந்து முடிந்துவிடும். சடங்குகளை வகுத்தவர்கள் கேமராவை நினைத்து வகுக்கவில்லை. ஆனாலும் ஒன்று முடிந்துதான் அடுத்தது என்ற அந்த ஒழுங்கு வீடியோக்காரருக்கு மிகவும் தோதானது.

அப்படியானால் ஒருவரே போதுமே என்று கேட்கலாம். பெண் அலங்காரத்தை விட்டுவிடத் தயார் என்றால், தாலி கட்டும் அந்த ஒரு நிமிஷத்தைத் தவிர, போதும்தான். சிக்கல் அந்த நிமிஷத்தில் இருக்கிறது. தாலி முன்னால் தொங்குகிறது, முடிச்சு பின்கழுத்தில் விழுகிறது. பெண்ணின் முகத்தைப் பார்க்கும் கேமராவுக்கு முடிச்சுப் போடும் விரல்கள் தெரியாது. விரல்களைப் பிடிக்கும் கேமராவுக்கு முகம் கிடைக்காது. சில குடும்பங்களில் மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட, மீதி இரண்டையும் நாத்தனார் போடுவார். அவர் பெண்ணுக்குப் பின்னால் நிற்பவர். பெண் அப்பாவின் மடியில் உட்கார்ந்திருக்கும் வழக்கமுள்ள வீட்டில் அப்பாவின் முகமும் வேண்டும். இதற்கிடையில் கெட்டிமேளம் கொட்டியதும் நான்கு பக்கமிருந்தும் அட்சதை விழும், உறவினர் எழுந்து நிற்பார்கள், ஹோமப் புகை லென்சை நோக்கித் திரும்பும். திரும்ப ஒருமுறை கட்டச் சொல்ல முடியாது. இரண்டு பேர் இரண்டு கோணத்தில் நின்றால், ஒருவரை ஒரு மாமாவின் தோள் மறைத்தாலும் மற்றவரிடம் காட்சி இருக்கும். இரண்டாவது ஆளுக்கான நியாயம் முழுக்க இந்த இடத்தில்தான் இருக்கிறது.

அந்த இரண்டு பேரும் ஒரே வேலையைச் செய்பவர்களாக இருக்கக் கூடாது என்பதும் முக்கியம். வி.எச்.எஸ். காலத்தில் தோளில் தூக்கிய கேமராவோடு ஒருவர், கண் கூசும் ஹாலஜன் விளக்கையும் நீண்ட ஒயரையும் பிடித்தபடி ஒரு லைட் பாய், அவ்வளவுதான். அந்தக் கேமரா முன்னால் இருப்பது, பின்னால் இருப்பது எல்லாவற்றையும் ஓரளவு தெளிவாகவே பதிந்தது. 2008-இல் கேனான் 5டி மார்க் 2 வந்தது. படமெடுக்கும் கேமராவிலேயே முழு எச்.டி. வீடியோ, பெரிய சென்சாரால் ஒரு முகம் மட்டும் கூர்மையாகவும் பின்னணி பஞ்சுபோலவும் தெரியும் சினிமாத் தோற்றம். ‘கேண்டிட் வீடியோ’ என்று நாம் இப்போது சொல்வது இந்த வகைக் கேமராக்கள் பரவியதால் வந்தது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. ஒரு முகத்தில் ஃபோகஸ் வைத்தால் பக்கத்தில் நிற்கும் பெரியப்பா மங்கலாகிவிடுவார். அந்தக் கேமரா ஒரு தடவைக்குப் பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேல் தொடர்ந்து பதியாது. பிறகு வந்த பல கேமராக்களும் அரை மணியில் தானாக நின்றுவிடுபவை. ஸ்லோமோஷனுக்காக எடுத்த காட்சியில் பயன்படும்படியான சத்தமும் இராது. ஆக, அழகுக்காக எடுப்பவரால் ஆவணமாக எடுக்க முடியாது என்ற நிலைமை அப்போதுதான் உருவானது. சடங்கு முழுவதையும் விடாமல் பதிய ஒரு ட்ரெடிஷனல், முகங்களைத் தேடிப் போக ஒரு கேண்டிட்: இதுதான் இரண்டு என்ற எண்ணிக்கையின் உள்கணக்கு. ‘ரெண்டு வீடியோகிராபர்’ என்று மட்டும் எழுதிக் கொடுக்கும் ஸ்டுடியோவிடம் அந்த இரண்டு பேரும் என்னென்ன செய்வார்கள் என்று கேட்காமல் அட்வான்ஸ் கொடுப்பது புத்திசாலித்தனமில்லை.

மூன்றாவது ஆள் வந்தால் என்ன கெட்டுப்போகும்? முதலில் கெடுவது விருந்தினரின் பார்வை. இரண்டு வீடியோ, இரண்டு போட்டோ, ஆளுக்கொரு லைட் என்றாலே மணவறைக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் முதுகைக் காட்டி நிற்கிறார்கள். முன்வரிசையில் உட்கார்ந்த பாட்டி, நேரில் வந்தும், தாலி கட்டுவதைப் பக்கவாட்டு எல்.இ.டி. திரையில்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. மணவறையை மூன்று பக்கம் சுற்றி ஆள் நிறுத்தினால் அடுத்த கேடு: ஒருவருடைய காட்சிக்குள் இன்னொருவர் விழுவார். அகலமாக எடுப்பவரின் சட்டத்துக்குள் கிம்பலோடு ஒருவர் குந்தியபடி நகர்ந்துகொண்டே இருப்பார். எடிட்டர் அதையெல்லாம் வெட்டித் தள்ளுவார். வெட்டப்பட்டதற்கும் சேர்த்துத்தான் நாம் காசு கொடுத்திருக்கிறோம். இன்னொன்றும் உண்டு, அதை அளந்து காட்ட முடியாது: நான்கு லென்ஸ் நெருங்கி நிற்கும் இடத்தில் எந்த அம்மாவும் இயல்பாக அழுவதில்லை. இயல்பான தருணத்தைப் பிடிக்கத்தான் கேண்டிட் என்று சொல்லி அழைத்து வருகிறோம், ஆள் கூடக்கூட அந்த இயல்பு ஓடி ஒளிகிறது.

இங்கே வழக்கமாக எழும் மறுப்பு ஒன்று உண்டு, நியாயமானதும்கூட. ஒரு கேமரா நின்றுபோனால்? மெமரி கார்டு கெட்டுப்போனால்? அதற்காகவாவது கூடுதல் ஆள் இருக்கட்டுமே என்பார்கள். பயம் சரி, மருந்துதான் தவறு. கார்டு கெடுவதற்குத் தீர்வு ஆள் இல்லை, இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதியும் கேமரா. தொழில்முறைக் கேமராக்கள் பலவற்றில் இந்த வசதி இருக்கிறது. இருக்கிறதா, அன்றைக்கு அதை இயக்கி வைப்பார்களா என்று கேட்டுக்கொண்டால் போதும். கேமரா நின்றுபோவதற்குத் தீர்வு, மண்டபத்தின் பின்பகுதியிலோ பால்கனியிலோ ஸ்டாண்டில் நிறுத்தி, கரண்ட் இணைப்புக் கொடுத்து, மணவறை முழுவதும் தெரியும்படி ஓடவிட்ட ஆளில்லாக் கேமரா ஒன்று. அதற்குச் சாப்பாடு போட வேண்டாம், அது யாரையும் மறைக்காது, எங்கேயும் நகராது. எடிட்டர் மாட்டிக்கொள்ளும் இடத்தில் வெட்டி ஒட்ட அந்த அகலக் காட்சியே கைகொடுக்கும். இரண்டு ஆள், மூன்று கேமரா என்பதே என் பரிந்துரை. ஸ்டுடியோ அட்டை கேமராவையும் ஆளையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் இந்த வழி பலருக்குத் தோன்றுவதில்லை.

ஆயிரத்தைந்நூறு பேர் வருகிறார்கள், இரண்டு பேர் எப்படிச் சமாளிப்பார்கள் என்பது அடுத்த கேள்வி. ஆயிரத்தைந்நூறு பேரும் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். வரவேற்பில் வரிசையில் நின்று, மேடையேறி, பரிசோ கவரோ கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு, மறுபக்கம் இறங்கிப் பந்திக்குப் போகிறார்கள். ஒரே வாசல், ஒரே மேடை, ஒரே கோணம். கூட்டம் பெருகினால் வரிசை நீளுமே தவிர, காட்சி மாறாது. ஒருவர் நான்கு மணி நேரம் ஒரே இடத்தில் நின்று எடுக்கும் வேலை இது. அவர் சாப்பிடப் போகும் நேரத்துக்கு மாற்று ஆள் வேண்டுமென்றால் கேண்டிட்காரர் அரை மணி நிற்கலாம். கிரேன் கேமரா தலைக்கு மேல் ஊசலாடுவது மண்டபத்துக்குள் ஒரு திருவிழாக் களையைக் கொடுக்கும், மறுப்பதற்கில்லை. அந்தக் காட்சி வீடியோவில் மொத்தம் எத்தனை விநாடி வந்தது என்று, ஏற்கெனவே கல்யாணம் முடித்தவர்களின் பென் டிரைவை வாங்கி ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். பந்தியைத் தனியாக எடுக்க ஆள் வேண்டும் என்பாரும் உண்டு. வாயில் கவளத்தோடு தன்னைப் படமெடுப்பதை விரும்பும் மனிதரை இனிமேல்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு காரணமும் ஆள் கூட்டுவதற்கு எதிராக நிற்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. புரட்டாசியைத் தவிர்ப்பவர்களும் நிறைய. மீதி மாதங்களிலும் வளர்பிறை முகூர்த்தம், ஞாயிற்றுக்கிழமை, ராகு காலம், எமகண்டம் என்று வடிகட்டினால் எஞ்சுவது கொஞ்ச நாட்கள்தான். ஆவணியிலோ தையிலோ ஒரு நல்ல ஞாயிறு வந்தால் ஊரிலுள்ள மண்டபம் அத்தனையிலும் கல்யாணம். அன்றைக்கு ஸ்டுடியோவின் சொந்த ஆட்கள் நான்கைந்து இடத்துக்குப் பிரிந்து போய்விடுவார்கள். பேக்கேஜில் எழுதிய மூன்றாவதும் நான்காவதும் முந்தின நாள் போனில் பேசி வரவழைக்கும் நாள்கூலி ஆட்களாக இருக்க வாய்ப்பு அதிகம். அவர்கள் திறமைசாலிகளாகவே இருக்கலாம். ஆனால் கேமரா வேறு, லென்ஸ் வேறு, நிற வைப்பு வேறு. ஒரு காட்சியில் மாம்பழ மஞ்சளாகத் தெரியும் பட்டு, அடுத்த காட்சியில் எலுமிச்சை மஞ்சளாகத் தெரியும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஷட்டரை அதற்கேற்ப 1/50 அல்லது 1/100 என்று வைக்காமல் விட்டால் மேடை விளக்கு வெளிச்சத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடக்கூடும். அன்றைக்குக் காலையில் வந்து இறங்கியவரிடம் இதையெல்லாம் ஒத்துப்பார்க்க யாருக்கு நேரம்? தவிர, அவர் எடுத்த கார்டு அவரோடு எங்கே போகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கும் வீடியோவுக்கும், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். சட்டம் நம் பக்கம் இருந்தாலும், நம் வீட்டுப் பெண்ணின் அலங்கார அறைக் காட்சிகள் முகம் தெரியாத நான்கு பேரின் ஹார்டு டிஸ்கில் சிதறிக் கிடப்பதை விட, பெயர் தெரிந்த இரண்டு பேரிடம் இருப்பது நிம்மதி.

எடுத்ததையெல்லாம் பார்த்துத் தொகுக்க வேண்டிய எடிட்டரை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. 4கே வீடியோவை விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் மணிக்கு 45 ஜி.பி. பிடிக்கும். நான்கு பேர் இரண்டு நாளில் ஆளுக்கு ஆறு மணி நேரம் ஓடவிட்டால் 24 மணி நேரக் காட்சி, ஒரு டெராபைட்டுக்கு மேல். வெறுமனே ஒருமுறை ஓட்டிப் பார்க்கவே எட்டு மணி நேர வேலை நாட்கள் மூன்று போய்விடும். அதற்குப் பிறகுதான் ஒத்திசைப்பு, தேர்வு, வெட்டு, நிறம், பாட்டு. முகூர்த்த சீசனில் எடிட்டர் மேசையில் நம் கல்யாணத்துக்கு முன்னால் பல கல்யாணங்கள் வரிசையில் கிடக்கும். விளைவை நாம் எல்லாருமே அறிவோம்: சீமந்தம் வந்த பிறகும் வீடியோ வராது. வந்தாலும், பார்க்க நேரமில்லாத எடிட்டர் நான்கு பேர் எடுத்ததில் ஒருவருடையதை மட்டும் முதுகெலும்பாக வைத்து மற்றதை அங்கங்கே ஒட்டிக் கொடுத்திருப்பார். நான்கு பேருக்குக் கூலி கொடுத்து ஒருவருடைய வீடியோவை வாங்குகிறோம்.

இரண்டு என்பதை நான் வேதவாக்காகச் சொல்லவில்லை. எத்தனை இடம் என்ற கேள்வியை நேர்மையாகக் கேட்டால் சில கல்யாணங்களுக்கு மூன்றும் சிலவற்றுக்கு ஒன்றும் விடையாக வரும். நிக்காஹ்வில் மணமகன் பக்கம் ஆண்கள் கூட்டம், மணமகள் பக்கம் பெண்கள் கூட்டம். வக்கீலும் சாட்சிகளும் போய்ப் பெண்ணின் சம்மதம் கேட்பது ஓர் இடம், நிக்காஹ் ஓதுவது இன்னோர் இடம். பெண்கள் பகுதிக்குப் பெண் வீடியோகிராபர்தான் சரி. அவரை மூன்றாவதாகச் சேர்ப்பதில் தயக்கமே வேண்டாம். (வீடியோ வேண்டாம் என்று சொல்லும் ஜமாத்தும் உண்டு, முதலில் அதைக் கேட்டுக்கொள்வது நல்லது.) தேவாலயத் திருமணத்தில் பீடத்தருகே கேமரா நடமாட்டத்தைப் பல பங்குகளில் அனுமதிப்பதில்லை, மணமக்கள் சபைக்கு முதுகு காட்டி நிற்பார்கள். பக்கவாட்டில் ஒருவர், பாடகர் குழு நிற்கும் மேல்மாடத்தில் ஒருவர் என இடம்பிடித்துவிட்டால் மூன்றாமவருக்கு நிற்கவே இடமில்லை. கொங்குப் பகுதியில் முதல் நாள் சீர்கள் பெண் வீட்டிலும் மாப்பிள்ளை வீட்டிலும் தனித்தனியே நடக்கும். அந்த நாளுக்கு ஆளைப் பிரித்து அனுப்பினால் போதும், கூட்ட வேண்டியதில்லை. வெளிநாட்டு உறவினருக்காக யூடியூபில் நேரலை வேண்டும் என்றால் அது தனி வேலை. 2020-இல் கல்யாணத்துக்கு ஐம்பது பேர் என்று வரம்பு விதித்த காலத்தில் பரவிய இந்தப் பழக்கம் இன்னும் நிற்கவில்லை. நேரலைக் கேமராவை ட்ரெடிஷனல்காரரிடமே ஒப்படைத்தால், நெட் அறுந்துபோகும்போது அவர் மணவறையை விட்டுவிட்டு மோடத்தைப் பார்க்கப் போய்விடுவார். இதற்குத் தனி ஆள் வைப்பது நியாயமான செலவு.

சுயமரியாதைத் திருமணம் இதற்கு நேர்மாறு. 1967-இல் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தால் சட்டத் தகுதி பெற்ற அந்த முறையில் புரோகிதரும் ஹோமமும் கிடையாது. உறுதிமொழி, மாலை மாற்றல் அல்லது தாலி, பிறகு தலைமை தாங்குபவரின் உரை, வாழ்த்துரைகள். பேச்சுதான் அங்கே நிகழ்ச்சியே. ஸ்டாண்டில் ஒரு கேமராவும் நல்ல மைக்கும் இருந்தால் ஒருவர் முழுவதையும் பதிந்துவிடலாம். ட்ரோன் பற்றியும் ஒரு வார்த்தை: அட்டையில் அதை இயக்குபவரையும் ஒரு வீடியோகிராபராகக் கணக்குக் காட்டுவார்கள். மண்டபத்துக்குள் அதற்கு வேலை இல்லை, அதன் இரைச்சல் நாதஸ்வரத்தோடு சண்டை போடும். 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைப் பதிவு செய்ய வேண்டும், கூலிக்குப் பறக்கவிடுபவரிடம் பைலட் சான்றிதழ் இருக்க வேண்டும், விமான நிலையத்தை ஒட்டிய இடங்களில் அனுமதியில்லாமல் பறக்கவிட முடியாது. மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்தில் பத்து நிமிஷம் பறக்கட்டும் என்றால் சரி. அதை இரண்டு பேரில் ஒருவராக மட்டும் எண்ணாதீர்கள்.

கடைசியாக எஞ்சுவது கௌரவம். ‘அவங்க வீட்டுல நாலு கேமரா ஓடுச்சு, நம்ம வீட்டுல ரெண்டுதானா?’ என்று அத்தை கேட்பார். கல்யாணம் என்பதே ஊரறியச் செய்வது என்னும்போது ஊர் என்ன நினைக்கும் என்பதை முழுக்கத் தள்ளிவிட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊர் பார்ப்பது அந்த இரண்டு நாள். வீடு பார்ப்பது பிறகு வரும் வருஷங்கள். அந்த வருஷங்களில் பலரும் தேடுவது ஒரு குரலைத்தான். தாத்தா ஆசீர்வாதம் செய்தபோது என்ன சொன்னார் என்று கேட்டால், நான்கு கேமராவிலும் அவர் வாயசைக்கிறார், பின்னால் தவில் மட்டும் கேட்கிறது. கேமராவோடு வரும் மைக்கால் கெட்டிமேளத்தின் நடுவே பேச்சைப் பிரித்தெடுக்க முடியாது. மாப்பிள்ளையின் வேட்டி மடிப்பிலோ ஐயரின் மேல்துண்டிலோ குத்திய சின்ன மைக்கும் தனி ரெக்கார்டரும், முடிந்தால் மண்டபத்து ஒலிபெருக்கியிலிருந்து நேராக ஒரு இணைப்பும் போதும். கொங்குக் கல்யாணத்தின் மங்கல வாழ்த்து, கன்யாதான சங்கல்பத்தில் மூன்று தலைமுறைப் பெயர் சொல்வது, பெரியவர்கள் பெண்ணின் காதோரம் சொல்லும் இரண்டு வார்த்தை என எல்லாமே ஒலியால் நிற்பவை. மூன்றாவது ஆளுக்குக் கொடுக்க நினைத்த தொகையில் ஒரு பங்கை இதற்கும், மீதியை எடிட்டிங் தேதியை எழுத்தில் உறுதிப்படுத்துவதற்கும் திருப்பிவிடச் சொல்லிப் பேரம் பேசிப் பாருங்கள். பெரும்பாலான ஸ்டுடியோக்காரர்கள் ஒத்துக்கொள்வார்கள். ஒரு நெருக்கடியான முகூர்த்தத்தில் ஆள் தேடும் தலைவலி அவர்களுக்கும் குறைகிறதே. ஒப்பந்தத்தில் ‘இரண்டு வீடியோகிராபர்’ என்பதற்குப் பக்கத்தில் அந்த இரண்டு பேரின் பெயரையும், தாலி கட்டும்போது யார் எந்தப் பக்கம் நிற்பார் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெயர் எழுதத் தயங்குகிறார்கள் என்றால், வருபவர் யாரென்று அவர்களுக்கே இன்னும் தெரியாது என்று பொருள். அட்வான்ஸ் கொடுக்குமுன் இன்னொரு ஸ்டுடியோ படியேறிப் பார்க்கலாம்.